துரையின் நாலாவது விரல்

ஆஸ்பத்திரியில் என் அக்காவுக்கு மூச்சம்மா என்று பெயர். எக்ஸ்ரே அறையில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தாள். மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க என்று தினமும் நூறு பேரிடமாவது சொல்லுவாள். அவள் தாழ்வாரத்தில் வந்தாலே நர்ஸுகள் கன்னத்தை உப்பிக்கொண்டு நிற்பார்களாம். அவள் சிரிக்காமல் "விடுங்க" என்று சொல்லிவிட்டுப் போவாளாம். வீட்டிலும் இதே கதைதான். நான் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருப்பேன், அவள் நான் முடிக்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "இப்ப மூச்சை விடு" என்பாள். பத்திக்கொண்டு வரும் எனக்கு.

அவளுக்குக் கர்வம் என்று ஒன்று உண்டானால் அது இடது வலதுதான். படம் எடுக்கும்போது எந்தப் பக்கம் என்று காட்ட, ஈயத்தில் செய்த ஒரு எழுத்தை ஓரத்தில் வைக்க வேண்டும். மாற்றி வைத்துத் தொலைத்தால் டாக்டர் நல்ல முட்டியைக் கிழித்துவிடுவார். முப்பத்தொரு வருஷத்தில் ஒரு தடவைகூட மாற்றி வைத்ததில்லை என்று பஸ்ஸில், பல் டாக்டர் வாசலில், லிஃப்டில் என்று யார் அகப்பட்டாலும் சொல்லிவிடுவாள். அவர்கள் கேட்டார்களா இல்லையா என்பது வேறு விஷயம்.

நாங்கள் மூன்று பேர். அக்கா, நான், கடைசியில் தம்பி. அம்மா முக்கால்வாசி நேரம் படுக்கையில்தான் இருந்தாள். அதனால் தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தது அக்கா. அவனுக்கு ஏழு வயசுவரை எது இடது எது வலது என்று தெரியாது, ஷூவை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு வாத்து மாதிரி நடப்பான். அக்கா அவனுடைய வலது ஷூவில் ஒரு சிவப்பு நூலைக் கட்டிவிட்டாள். நூல் அறுந்துபோன அன்றைக்கு அவன் பள்ளிக்கூடம் போகமாட்டான், அக்கா வந்து கட்டினால்தான் ஆயிற்று. இப்போது அவனுக்கு ஐம்பது தாண்டிவிட்டது, பெரிய பெரிய கட்டிடங்களில் லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறான்.

அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. என் வீட்டுக்காரர் போன பிறகு நானும் அவளோடு வந்து ஒட்டிக்கொண்டேன். காலையில் ஒரு பேக்கரி கவுண்டரில் நிற்பேன், மதியம் வீடு திரும்பி அவளோடு சண்டை போடுவேன். பொழுது போக வேண்டாமா?

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மூன்றாவது மாதம் அவள் ஒரு அட்டைப்பெட்டியோடு வந்தாள். உள்ளே சாயம் போட்ட கம்பளிப் பஞ்சு, ஒரு தடிமனான ஸ்பாஞ்ச், பத்து ஊசி. தைக்கிற ஊசி இல்லை. ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன வெட்டு இருக்கும், காது இருக்காது. பஞ்சை உருட்டி ஸ்பாஞ்சின் மேல் வைத்துக் குத்த வேண்டும். குத்தக் குத்த இழைகள் ஒன்றுக்குள் ஒன்று போய்ச் சிக்கி இறுகும். எங்கே அதிகம் குத்துகிறோமோ அங்கே ஒடுங்கும், குத்தாத இடம் உப்பலாக நிற்கும். அவ்வளவுதான் வித்தை. அதை வைத்து அவள் முதலில் செய்த சிட்டுக்குருவி, உருளைக்கிழங்குக்கு மூக்கு வைத்த மாதிரி இருந்தது. நான் சொன்னேன். அவள் நாலு நாள் என்னோடு பேசவில்லை.

பிறகுதான் அவளுக்கு உறைத்தது, எலும்பு தெரியாமல் இறகு வைக்க முடியாதென்று. பக்கத்துத் தெருவில் இருக்கும் மிருக டாக்டரிடம் போய் ஒரு புறாவின் எக்ஸ்ரே வாங்கிக்கொண்டு வந்தாள். அதை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிவைத்து ஒரு வாரம் உற்றுப் பார்த்தாள். பறவையின் முட்டி நாம் நினைக்கிற இடத்தில் இல்லை, வயிற்று இறகுக்குள் ஒளிந்திருக்கிறது என்று எனக்கு விளக்கினாள். எனக்கெதற்கு அது? ஆனால் அதற்குப் பிறகு அவள் செய்த பறவைகள் நின்றன. கம்பியை வளைத்துக் காலும் எலும்பும் செய்து, அதன்மேல் வெள்ளைப் பஞ்சைச் சுற்றிக் குத்தி உடம்பாக்குவாள். அதற்கு மேலேதான் நிறம். சாம்பல் வேண்டுமென்றால் கடைச் சாம்பல் போடமாட்டாள். கறுப்பையும் வெள்ளையையும் விரலால் பிய்த்துப் பிய்த்துக் கலந்து, கொஞ்சம் பழுப்பு சேர்த்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். அவள் செய்த மைனாவை வைத்திருந்த அலமாரியைப் பார்த்து எதிர்வீட்டுப் பூனை ஜன்னலில் உட்கார்ந்து பல்லைக் கடித்தது. அந்தப் பூனைதான் அவளுக்குக் கிடைத்த முதல் பாராட்டு.

இத்தனை நிதானமான மனுஷி வாயைத் திறந்து ஒரே ஒரு தடவை கெடுத்துக்கொண்டாள். அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

தம்பி மனைவி இரண்டு வருஷம் படுத்திருந்து இறந்துபோனாள். அவள் ஆசையாக வாங்கின கொண்டைக்கிளி ஒன்று வீட்டில் இருந்தது. உடம்பு சாம்பல், முகம் மஞ்சள், கன்னத்தில் ஆரஞ்சுப் பொட்டு, தலையில் விசிறி மாதிரி கொண்டை. வீட்டில் எல்லாரையும் அதிகாரம் பண்ணும், அதனால் பெயர் துரை. கூண்டுக்குள் இருக்காது, கூடத்துக் கதவின் மேல் விளிம்பில் உட்கார்ந்துகொண்டு லிஃப்ட் மணி மாதிரி 'டிங்' என்று கத்தும். தம்பி திடுக்கிட்டு எழுந்துகொள்வான். எல்லாரும் சிரிப்போம்.

தம்பி மனைவி போய் ஒரு வாரம் இருக்கும். நானும் அக்காவும் தம்பி வீட்டுக்குப் போனோம். அவனுடைய மகள் அப்போது பதிமூன்று வயசுக் குழந்தை, காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. தம்பி தரையில் உட்கார்ந்து துரைக்கு ஆப்பிள் நறுக்கிக்கொண்டிருந்தான், அரிசி அளவுக்குப் பொடிப்பொடியாக. அக்காவுக்கு என்ன ஆயிற்றோ.

"இந்தப் பறவைக்குச் செய்யறதுல பாதி அவளுக்குச் செஞ்சிருந்தா அவ இருந்திருப்பா" என்று சொல்லிவிட்டாள்.

அநியாயமான பேச்சு. இரண்டு வருஷம் அவளைக் குளிப்பாட்டி, தலை வாரி, தூக்கி வைத்தது அவன்தான். அக்காவுக்கும் அது தெரியும். சொல்லி முடித்த கணமே அவள் முகத்தில் ஈயாடவில்லை. தம்பி தலையைத் தூக்காமல், "வெளிய போ, இனிமே வராத" என்றான். அக்கா எழுந்து போனாள். போகிற வேகத்தில் கூடத்துக் கதவை ஓங்கிச் சாத்தினாள், வாசலைத் தாண்டிப் படியிறங்கிவிட்டாள்.

கதவின் மேல் துரை உட்கார்ந்திருந்ததை அவள் பார்க்கவில்லை.

அது போட்ட கூச்சல் இன்னமும் என் காதில் இருக்கிறது, எப்போதும் போடுகிற அதிகாரக் கூச்சல்தான் என்று அக்கா நினைத்திருப்பாள். காலில் ஒரு விரல் கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவில் நசுங்கிப் போய்விட்டது. தம்பி அதைத் துண்டில் சுற்றி மார்போடு பிடித்துக்கொண்டு டாக்டரிடம் ஓடினான். ஓடுவதற்கு முன்னால் நின்று என்னைப் பார்த்துச் சொன்னான்: "சின்னக்கா, இது பெரியக்காவுக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா அவ தாங்கமாட்டா."

வெளியே போ என்று சொல்லி இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை, சொன்னவன் இப்படிச் சொல்கிறான். என் பிறந்த வீட்டு லட்சணம் இது.

ஆறு வருஷம். நான் இரண்டு வீட்டுக்கும் நடுவில் போஸ்ட்மேன் வேலை பார்த்தேன். அவன் எப்படி இருக்கான் என்று அவள் கேட்கமாட்டாள், சுவரைப் பார்த்துக்கொண்டு "அந்தப் பக்கம் மழையா" என்பாள். அவனும் அப்படியே, பேக்கரியில் கூட்டமா என்று என்னைக் கேட்டுவிட்டு, வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்பான். வீட்டில் எல்லாரும் என்றால் யார், நானும் அவளும்தானே! இரண்டு தடவை அக்கா அவன் குடியிருக்கும் கட்டிடம்வரை போய் மாடி ஏறாமல் திரும்பிவிட்டாள். மன்னிப்புக் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. வா என்று கூப்பிட அவனுக்கு வரவில்லை. விரல் விஷயத்தை நான் மென்று விழுங்கினேன். என் வயிற்றில் எதுவும் தங்காது என்று ஊருக்கே தெரியும், அதில் இது ஆறு வருஷம் தங்கியது.

போன வருஷக் கடைசியில் துரை செத்துப்போனது. வயசாகிவிட்டது, தூக்கத்திலேயே போய்விட்டது. தம்பி ஒரு வாரம் லீவு போட்டான் என்றும், வெறும் கூண்டைத் தினமும் துடைக்கிறான் என்றும் அவன் மகள் எனக்குப் போன் செய்தாள். அப்புறம் தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "சின்னத்தை, பெரியத்தை துரையைச் செஞ்சு தருவாங்களா? அப்பாவுக்குத் தெரியாம."

நான் அக்காவிடம் சொன்னேன். மறுநாள் நான் வேலையிலிருந்து வரும்போது மேஜை சுத்தமாக இருந்தது. ஸ்பாஞ்ச் புதுசு, ஊசிகள் அளவுவாரியாக அடுக்கியிருந்தன. இதைச் செய்து எடுத்துக்கொண்டு அவன் வீட்டுப் படி ஏறிவிடலாம் என்று அவள் நம்பிவிட்டாள். கதவைத் திறந்து பார்த்துவிட்டு அவன் திருப்பி அனுப்பினால் இவள் அப்புறம் எழுந்திருக்கமாட்டாள். அறுபத்திரண்டு வயசில் ஒருத்திக்கு இன்னொரு ஆறு வருஷம் எங்கிருந்து வரும்?

தம்பி மகள் இருநூறு படங்களுக்கு மேல் அனுப்பினாள். எல்லாம் அவள் தன்னைத்தானே எடுத்துக்கொண்டது. முக்கால் படம் அவள் முகம், தோளில் துரை. அப்பா போனில் வேறு படங்கள் இருந்தன, ஆனால் அதைத் தொட்டால் அவன் என்ன ஏது என்று கேட்பான். அக்கா ஒவ்வொன்றையும் பெரிசாக்கி, குழந்தையின் முகத்தையெல்லாம் ஒதுக்கிவிட்டு, கொண்டை, கன்னம், வால், கால் என்று வெட்டி வெட்டி வைத்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் கூப்பிட்டாள். "இந்தக் கால்ல மூணு விரல்தான் இருக்கு. முன்னாடி ரெண்டு, பின்னாடி ரெண்டுன்னு நாலு இருக்கணும்."

பிறவியிலேயே அப்படி என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். இல்லை, ஜன்னலில் மாட்டிக்கொண்டது என்றேன். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது எனக்குக் கைவந்த கலை. அவள் படத்தை இன்னும் பெரிசாக்கினாள்.

"இது வெட்டுப்பட்டது இல்ல, நசுங்கினது. முப்பத்தொரு வருஷம் எத்தனை விரல் பாத்திருக்கேன். இது கதவு." படத்திலிருந்து தலையைத் தூக்கினாள். "எந்தக் கதவு?"

நான் எழுந்து அடுப்படிக்குப் போகப் பார்த்தேன். அதுவே பதிலாகிவிட்டது. அவள் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். தன்னிடம் சொல்லக் கூடாதென்று அவன் சொன்னானா என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன், அவன் சொன்னதை அப்படியே சொன்னேன். அக்கா அழுது நான் அதிகம் பார்த்ததில்லை. அன்றைக்குச் சத்தமில்லாமல் அழுதாள், நான் பக்கத்தில் உட்கார்ந்து அதற்கும் சேர்த்துச் சத்தமாக அழுதேன்.

அதற்குப் பிறகு அவள் வேலை செய்த விதம் வேறு. முழுசாக ஏழு வாரம் ஆனது. இறக்கையில் ஒவ்வொரு இறகையும் தனித்தனியாகத் தட்டையாகக் குத்திக் கடைசியில் கோர்த்தாள். கன்னத்து ஆரஞ்சை மூன்று தடவை பிய்த்து எறிந்தாள், தக்காளி மாதிரி இருக்கிறதாம். ஊசி நேராகப் போய் நேராக வர வேண்டும், கொஞ்சம் சாய்ந்தால் படக்கென்று உடையும். ஒன்பது ஊசி உடைந்தது. விரலிலெல்லாம் பிளாஸ்திரி, துரையின் உடம்பில் அவள் ரத்தமும் கொஞ்சம் ஏறியிருக்கும். கடைசியில் கால். கம்பியில் விரல் விரலாக இழை சுற்றி, வலது காலில் வெளிப்பக்கத்து முன்விரலைப் பாதியில் நிறுத்தி, அந்த மொட்டை நுனியை மட்டும் ஒரு நாள் பூராவும் குத்திக்கொண்டிருந்தாள். அன்றைக்கு நானே செய்ததை மறுபடியும் நானே செய்கிறேன் என்று ஒரு தடவை சொன்னாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஷூ டப்பாவில் துரையை வைத்து எடுத்துக்கொண்டு போனோம். சின்னத்தை வருகிறார்கள் என்று மட்டும் தம்பி மகள் சொல்லி வைத்திருந்தாள். கதவைத் திறந்தவன் எனக்குப் பின்னால் நின்ற அக்காவைப் பார்த்தான். கதவைத் திறந்தபடி விட்டுவிட்டு உள்ளே போய்விட்டான். வா என்று அர்த்தமா, போ என்று அர்த்தமா? அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள். நான்தான் முதுகில் கைவைத்துத் தள்ளினேன்.

கூடத்துக் கதவுக்கு அடியில் ஒரு மரக்கட்டை செருகியிருந்தது, சாத்த முடியாதபடி. ஆறு வருஷமாக அது அங்கேயே இருக்கிறது. எனக்குப் பழகிப்போன விஷயம். அக்கா அதை நின்று பார்த்தாள். பிறகு டப்பாவை அவன் முன்னால் வைத்தாள்.

"கதவைச் சாத்தினது நான்தான். எனக்குத் தெரியும்" என்றாள்.

தம்பி என்னை முறைத்தான். நான் சொல்லவில்லை, அவளே படத்தில் பார்த்துக் கண்டுபிடித்தாள் என்றேன். முதல் தடவையாக உண்மையைச் சொன்னேன், அப்போதும் அவன் நம்பவில்லை. டப்பாவைத் திறந்தான். துரையை இரண்டு கையிலும் எடுத்தான். கொண்டையைப் பின்பக்கமாக ஒரு விரலால் தடவினான், உயிரோடு இருக்கும்போது தடவுகிற மாதிரி. அவன் மகள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அப்புறம் காலைப் பார்த்தான், திருப்பிப் பார்த்தான்.

"இந்தக் கால் இல்ல. இடது கால்."

அக்கா விறைத்துக்கொண்டாள். அவ்வளவு நேரம் குனிந்திருந்த தலை நிமிர்ந்துவிட்டது. வலதுதான், எனக்கு இடது வலது தெரியாதா, முப்பத்தொரு வருஷம் என்று ஆரம்பித்தாள். அவனும் விடவில்லை, தினமும் மருந்து போட்டவன் நான் என்றான். ஆறு வருஷம் பேசாத இரண்டு பேர் பறவையின் காலுக்காக மல்லுக்கு நின்றார்கள். இப்போதே மூட்டையைக் கட்டலாம் என்று நான் செருப்பைத் தேடினேன். அக்கா போனை எடுத்து, வெட்டாத முழுப் படத்தைத் திறந்து அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள். அவன் அதைப் பார்த்தான். பிறகு படத்தில், மகளின் தலைக்குப் பின்னால் தெரிந்த சுவர்க் கடிகாரத்தில் விரலை வைத்தான். எண்களெல்லாம் திரும்பியிருந்தன. மூன்று இருக்க வேண்டிய பக்கத்தில் ஒன்பது, அதுவும் புறமுதுகு காட்டிக்கொண்டு. அதே கடிகாரம் எங்கள் தலைக்கு மேலே ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. தம்பி மகளின் போன் முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரி எல்லாவற்றையும் இடம் வலமாக மாற்றி எடுத்திருக்கிறது, இருநூறு படத்தையும்.

அக்கா அங்கே கிடந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு அவளைப் பார்க்கச் சகிக்கவில்லை. அவளிடம் இருந்த ஒரே கர்வம் அது, அதுவும் இந்த வீட்டில், இவன் முன்னால் போக வேண்டுமா?

"எனக்கு ஷூவுக்கு நூல் கட்டினவ நீ" என்றான் தம்பி. சொல்லும்போதே அவனுக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்பு பாதியிலேயே வேறாகிவிட்டது. பறவையை மடியில் வைத்துக்கொண்டு அவன் குலுங்கிக் குலுங்கி அழுதான். அவன் மனைவி போனபோதுகூட அப்படி அழவில்லை. அக்கா எழுந்து போய் அவன் தலையைப் பிடித்து வயிற்றோடு சேர்த்துக்கொண்டாள். நான் அன்னிக்குச் சொன்னது பொய்டா, பொய்யின்னு தெரிஞ்சேதான் சொன்னேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அவன் தெரியும் என்றான்.

சமாளித்து எழுந்ததும் அக்கா கைப்பையைத் திறந்தாள். ஸ்பாஞ்ச், ஊசி, கம்பி, கம்பியை வெட்டும் இடுக்கி எல்லாம் அதற்குள் இருந்தது, அவள் அப்படித்தான். வலது காலில் விரலை வைத்துவிட்டு இடது காலில் எடுத்துவிடுகிறேன், ஒரு மணி நேரம் கொடு என்றாள். தம்பி மகள் டீ போட்டாள். தம்பி துரையை அசையாமல் பிடித்துக்கொண்டான், அக்கா மொட்டை நுனியில் கம்பியை ஒட்டவைத்து, இழை சுற்றி, குத்தத் தொடங்கினாள். கூடத்தில் அந்தக் குத்துகிற சத்தம் மட்டும்தான். வலது காலில் நாலாவது விரல் வளர்ந்து, நகம் வைத்து முடிந்தது. அவள் ஊசியை வைத்துவிட்டு இடுக்கியை எடுத்தாள்.

தம்பி இடது காலைக் கையால் மூடிக்கொண்டான்.

"அதை வெட்டாதக்கா."

"வெட்டலேன்னா துரை மாதிரி இருக்காதேடா."

"இருக்கும். நீ வந்து போயிட்டிருந்தப்ப துரை இப்படித்தான் இருந்துச்சு."

அக்கா இடுக்கியைக் கைப்பைக்குள் போட்டாள். அவன் கையை எடுக்கவில்லை, அவளும் எடுக்கச் சொல்லவில்லை. டீ ஆறிப்போய்விட்டது, அதையே இரண்டு பேரும் குடித்தார்கள்.